லிஃப்ட் தேவி தவம் கலைந்த படலம்

"தவமாவது ஒண்ணாவது, அந்தக் கதவை விட்டுக் கொஞ்சம் நகருங்க மாமா" என்று ஆறாம் மாடித் தையல்காரம்மா கீழ்த்தளத்தில் நின்று எழுப்பிய குரல், படிக்கட்டு வளைவுகளில் முட்டி மோதி மேலேறி, மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

"நகர முடியாதும்மா. நிற்கிற நேரம் இது. தெரிஞ்சே வந்து கலைக்கிறியே" என்றார், கட்டடச் சங்கத்தின் செயலாளரும், ரயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவருமான ஸ்டேஷன் மாமா. குடையை இரு கைகளாலும் குறுக்கே பிடித்து, லிஃப்ட் வாசலை அவர் அடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இருக்கிறது கீழ்வீடு. பிறந்ததுலேர்ந்து இந்த லிஃப்ட்ல ஏறுனதே இல்ல. உங்களுக்கு என்ன பக்தி வேண்டிக் கிடக்கு?"

"ஏறாதவன் பக்திதான்ம்மா சுத்தமான பக்தி."

இருவரும் மூச்சு வாங்கிக்கொள்ளும் இந்தச் சிறு இடைவெளியில் தலைவனை வாழ்த்திவிடுவோம். காவியம் என்றால் அதற்கொரு முறை இருக்கிறது.

வாழி, வாசகக்காரர். பற்பசைக் குழாய்க்குப் பண் பாடியவரும், தரைதுடைக்கும் திரவத்தைத் தாமரைத் தடாகமென்று விற்றவரும், மிதியடி ஒன்றுக்கு 'மேகத்தின் மேல் ஒரு நடை' என்று மகுடம் சூட்டி, வாங்கியவர் பலர் குளியலறைகளில் வழுக்கி விழுந்தபோது மேகம் வழுக்காது என்று தாம் எங்கும் எழுதவில்லையென வாதிட்டு வென்றவரும், உவமைக் கடலும், உருவக மலையும், விளம்பரக் கம்பெனியின் மூலை மேசைக்கு அரசரும், மேற்படி தையல்காரம்மாவின் கணவருமாகிய அவர் வாழி. மனைவி ஒருபுறமும் அடியார்கள் மறுபுறமுமாகப் பிளந்து நின்ற அந்தக் காலையில், யார் பக்கம் நிற்பதென்று தெரியாமல் தபால்பெட்டிகளின் பக்கம் போய் நின்ற அவருடைய ராஜதந்திரமும் வாழி.

போர் மூண்ட காரணம் கேளுங்கள். ஆறடுக்கு மாளிகையின் நடுவயிற்றில் குடிகொண்டவளும், எண்மர்க்கு மிகில் ஏற்காதவளும், எடை கூடினால் அலறுபவளும், ஒளிரும் எண்களை நெற்றியில் அணிந்தவளுமாகிய லிஃப்ட், மழைக்காலம் முடிந்த கையோடு ஒருநாள் கீழ்த்தளத்தில் வந்து இறங்கி, கதவை முக்காலும் மூடி, கால்பங்கு திறந்து, அப்படியே உறைந்துவிட்டாள். பொத்தானை அழுத்தியவர்களுக்கு ஒரு முனகல் கிடைத்தது. அவ்வளவுதான்.

கீழ்வீட்டார்க்கு அது சேதி. மேல்வீட்டார்க்கு அது சாபம். உச்சியில் வசித்த தையல்காரம்மாவுக்கோ அது பிழைப்பின் கழுத்தில் விழுந்த சுருக்கு. காலால் மிதிக்கும் எந்திரத்தில் பல்லாண்டு ஊர்ந்த அவருடைய வலது முட்டி, ஒருதரம் இறங்கி ஏறினால் இரண்டு நாள் பேசாது படுக்கும் தன்மையுடையது. சட்டை தைக்கக் கொடுப்பவர்களின் முட்டி நல்ல நிலையில்தான் இருந்தது; ஆனால் ஒரு சட்டைக்காக ஆறு மாடி ஏறும் அளவுக்கு நல்ல நிலையில் இல்லை. ஆகவே அம்மையார் பால்கனியிலிருந்து கயிற்றில் பையைக் கட்டி இறக்கித் துணி வாங்கினார். தைத்ததை அதே கயிற்றில் அனுப்பினார். அளவு மட்டும் கயிற்றில் ஏறாதே. வாடிக்கையாளர் தெருவில் நின்று அளந்து சொல்ல வேண்டும். அம்மையார் மேலிருந்து, "இடுப்பு எவ்வளவு, சத்தமா சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். எதிர்வீட்டு ஜன்னல்கள் அந்த நேரம் பார்த்துத் திறந்துகொள்ளும். தன் இடுப்பின் சுற்றளவு தெருவெங்கும் தெரிந்துவிட்ட மாது மறுமுறை வருவாளோ? ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கயிறு காற்றில் ஆடியது.

மனைவியின் துயர் பொறாத வாசகக்காரர் வில்லை எடுத்தார். அவருடைய வில் பேனா. சங்கச் செயலாளரை நேரே போய்க் கேட்பது அவருடைய குலவழக்கம் அல்ல. எதையும் நேரே சொல்லாமல் இருப்பதற்குத்தான் மாதாமாதம் சம்பளம் வாங்குகிறார். எனவே ஒரு துதி எழுதி, லிஃப்டின் நெற்றியில் ஒட்டினார்:

எண்மர்க்கு மேல் ஏற்காத ஏந்திழையே,
எடை மிகுந்தால் அலறும் எம்மன்னையே,
ஏற்றாமலே எம்மை ஏற்றுபவளே,
நீ தவமிருக்கிறாய். நாங்கள் படியேறுகிறோம்.

செயலாளர் படிப்பார், நாணுவார், தலைகுனிந்து மெக்கானிக்கை அழைப்பார் என்பது திட்டம். செயலாளர் படித்தார். மூன்றாம் முறை படிக்கும்போது கண் கலங்கியது. "என்ன ஒரு ஆழம்" என்றார். லிஃப்ட் பழுதானால் குற்றம் செயலாளருடையது. லிஃப்ட் தவமிருந்தால் குற்றம் யாருடையதும் அல்ல என்ற மெய்ஞ்ஞானம் அந்தக் கணத்தில் அவருக்குச் சித்தித்தது. தன் நெஞ்சைக் குறிவைத்து எய்த அம்பைப் பூவென்று எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, அவர் முதல் அடியாரானார்.

பகடியாய்ப் பிறந்த சமயம் அன்றுமுதல் பல்கிப் பெருகியது. இரண்டாம் மாடி டியூஷன் டீச்சர், மாணவர் வராத மாலைப்பொழுதில், துதிக்கு உரை வகுத்தார். எடையென்பது ஆசை என்றார்; அலறும் மணி மனச்சாட்சி என்றார்; உள்ளேயிருக்கும் கண்ணாடி தன்னையறிதல் என்றார். 'மூடு' என்று எழுதிய பொத்தானை எத்தனை முறை குத்தினாலும் கதவு தன் நேரத்தில்தானே மூடுகிறது, அதுதான் விதி என்றார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது, கேட்டவர்கள் சிரிக்கவில்லை. அதைக் கண்டதும் அவரும் நிறுத்திக்கொண்டார்.

வாரம் ஒருநாள் காலையில் 'நிற்றல்' என்னும் வழிபாடு ஏற்பட்டது. லிஃப்டுக்குள் மாந்தர் எங்ஙனம் நிற்பரோ அங்ஙனமே, மூடாத அந்தக் கதவை நோக்கி வரிசையாய் நின்று, யாரும் யாரையும் பாராமல், யாரோடும் பேசாமல், மேலே அணைந்து கிடக்கும் எண்ணையே அண்ணாந்து நோக்க வேண்டும். யாராவது இருமினால் மற்றவர்கள் கேளாததுபோல் இருக்க வேண்டும். முடிந்ததும் "உங்க மாடி வந்துடுச்சு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு கலைந்து போவார்கள். அடியார் கூட்டத்தை மாடிவாரியாகப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். கீழ்த்தளம் முழுக்கப் பக்தி. முதல் மாடியில் பெரும்பக்தி. மூன்றாம் மாடியில் ஏதோ கொஞ்சம். ஐந்தாம் மாடியில் முணுமுணுப்பு. ஆறில் ஒரே ஒருவர், அவரும் சமயத்தைக் கண்டுபிடித்தவர்.

அவரைக் குறை சொல்லி என்ன செய்ய. வாழ்நாளெல்லாம் அவர் எழுதிய வாசகங்களை ஜனங்கள் வாயால் சொல்லிக்கொண்டே அடுத்த கம்பெனிப் பொருளை வாங்கிக்கொண்டு போனார்கள். இப்போதோ அவர் எழுதிய நான்கு வரிக்கு முன்னால் வேலைக்குப் போகிற மனிதர்கள் பையைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறார்கள். படியில் இறங்கும்போது "வணக்கங்க" என்று ஒதுங்கி வழிவிடுகிறார்கள். அந்த வழிவிடலில் அவர் மயங்கினார். மயக்கத்தில் ஒரு சட்டமும் இயற்றினார்: தேவியைப் பற்றிப் 'பழுது' என்ற சொல்லை உச்சரிப்போர் மொட்டைமாடிக் கதவைத் தொட்டுவிட்டு வர வேண்டும். விளையாட்டாய் எழுதியதுதான். ஸ்டேஷன் மாமா அதைத் தட்டச்சுச் செய்து கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்.

அந்தச் சட்டமே கேட்டின்மேல் கேடாய் முடிந்தது. ஸ்டேஷன் மாமா கடமை தவறாதவர். சங்க விதிப்படி வாராவாரம் லிஃப்ட் கம்பெனிக்குப் போன் செய்துகொண்டுதான் இருந்தார். விலக்கப்பட்ட சொல்லை மட்டும் நாவில் ஏற்றவில்லை.

"இங்க எல்லாம் சாந்தமா இருக்கும்மா. தேவி தவத்துல இருக்கா" என்பார்.

"தேவி யாருங்க?" என்று கேட்டாள் போன் எடுக்கும் பெண், முதல் வாரம்.

"இத்தனை வருஷமா எங்க எல்லாரையும் சுமந்தவம்மா."

"ஐயோ பாவம். நல்லா பாத்துக்குங்க ஐயா."

"உன் நல்ல மனசு" என்று மாமா போனை வைத்துவிடுவார். கம்பெனிக் கணினியில் இந்தக் கட்டடத்துக்கு எதிரே புகார் எதுவும் ஏறவில்லை. மேலேறாமை தேவியிடமிருந்து புகாருக்கும் தொற்றிக்கொண்டது.

கயிறு ஆடிக் களைத்த ஒருநாள் மாலை, தையல்காரம்மா தாமே கம்பெனிக்குப் போன் போட்டார். மறுமுனைப் பெண் திகைத்தாள். "உங்க கட்டடத்துலேர்ந்து புகாரே வரலையேம்மா. ஒரு பெரியவர் பேசுவாரு. அவங்க வீட்டுல தேவின்னு யாரோ ரொம்ப நாளா எழுந்திருக்க முடியாம இருக்காங்கன்னு சொல்லுவாரு. இப்ப எப்படி இருக்காங்க?"

தையல்காரம்மா, "தேவி நல்லா இருக்கா. லிஃப்ட் ஓடல. ஆளை அனுப்புங்க" என்றார். தவம், துதி, உரை, நிற்றல் என்று இத்தனை மாதம் வளர்ந்த பெருங்கோபுரம் சாதிக்காததை அந்த மூன்று சொற்றொடர் மறுநாள் காலையிலேயே சாதித்தது. கருவிப்பெட்டியும், உறங்கியும் உறங்காத கண்களுமாக மெக்கானிக் ஒருவர் வந்து இறங்கினார். அன்று நிற்றல் நாள்.

வீராங்கனை இறங்கிய காட்சியை எதற்கு ஒப்பிடுவோம்? அகழி தாண்டும் யானையென்போமா, கரையுடைத்த காட்டாறென்போமா? இடக்கை பிடிச்சுவரைப் பற்ற, வலக்கை முட்டியைப் பற்ற, கழுத்தில் அளவுநாடா வெற்றிமாலையெனத் தொங்க, இடுப்பில் செருகிய கத்தரி வாளெனச் சுடர, ஐந்தாம் மாடியில் நின்று மூச்சுவாங்கி, நான்காம் மாடியில் உட்கார்ந்து எழுந்து, மூன்றாம் மாடிக்காரர் நீட்டிய நாற்காலியை "உக்காந்தா எழுந்திருக்க மாட்டேன்" என்று மறுத்து, வலி வந்த இடத்திலெல்லாம் கணவரின் பெயரை உரக்கச் சொல்லி, அவர் களம் புகுந்தார். இவ்விடத்தில்தான் நாம் கதையைத் தொடங்கினோம்.

களத்தில் அடியார்கள் ஐம்புலனும் அடக்கி நின்றனர். மெக்கானிக் அவர்களைப் பார்த்தார். ஓடாத லிஃப்டுக்கு ஏன் இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை.

"சார், மேல மெஷின் ரூமைத் திறந்து மெயினை நிறுத்தணும். அதுக்கப்புறம்தான் கதவுல கை வைப்பேன். சாவி யார்கிட்ட இருக்கு?"

சாவி ஸ்டேஷன் மாமாவின் இடுப்பில் இருந்தது.

"தவத்தைக் கலைக்க நான் துணை போகமாட்டேன்" என்று மாமா முழங்கினார். பிளாட்பாரம் முழுதும் கேட்கப் பழகிய குரல் அது. வாசலில் கட்டியிருந்த சைக்கிள் மணி அதிர்ந்தது.

டீச்சர் படைநடுவே இறங்கிவந்து சமாதானம் பேசினார். "அக்கா, கொஞ்சம் பொறுங்க. தேவி எழுந்துட்டா இதெல்லாம் என்ன ஆகும்? எல்லாரும் மறுபடி அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. முன்னாடியெல்லாம் இங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்ததில்ல."

"இப்பவும் பார்க்கறதில்லையே டீச்சர். நம்பரைத்தானே பார்க்கறீங்க."

வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்.

இப்போது வாசகக்காரர் தபால்பெட்டிகளின் நிழலை விட்டு வெளிவந்தார். "கோவப்படாதம்மா. படியேறுறதுன்னா வெறும் படியேறுறது இல்ல. அதுக்குள்ள ஒரு அர்த்தம் இருக்கு" என்று தொடங்கினார்.

"முட்டிக்கு அதெல்லாம் புரியலைங்க" என்றார் தையல்காரம்மா. குரல் தாழ்ந்திருந்தது. அதனாலேயே எல்லோருக்கும் கேட்டது. "எனக்காகத்தான் எழுதுனீங்க. ஒத்துக்கறேன். ஒட்டுன அன்னிக்கு நானும் சிரிச்சேன். இப்ப இவங்க முன்னாடி ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. லிஃப்ட் பழுதுன்னு சொல்லுங்க. போதும்."

ஆன்றோர் அவை அடங்கியது. ஸ்டேஷன் மாமா குடையை ஊன்றி, "அவர் வாயால சொல்லட்டும். சாவியைக் குடுத்துடறேன். நான் உருவாக்குன மதம் இல்லையே இது" என்றார். மெக்கானிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு இன்னும் நாலு கட்டடம் இருக்கு. இப்ப போனா அடுத்த முறை எப்ப வருவேன்னு சொல்ல முடியாது" என்றார்.

தேர்க்காலில் தலைவைத்தவன்போல் வாசகக்காரர் தவித்தார். ஒருபுறம் முட்டி. மறுபுறம் அவர் எழுத்தை நம்பி அண்ணாந்த முகங்கள். வாழ்நாளில் முதன்முறையாக அண்ணாந்த முகங்கள். மூன்றெழுத்துச் சொல் ஒன்று நெஞ்சுக்குழியிலிருந்து கிளம்பித் தொண்டையை அடைந்து, நாவின் நுனிவரை வந்து, அங்கே நின்று, அடியார்களைப் பார்த்து, திரும்பிப் போய்விட்டது. அதன் இடத்தில் வேறொன்று வெளிப்பட்டது.

"தேவி கண்விழிக்கும் வேளை வந்துவிட்டது" என்றார்.

கூட்டம் பெருமூச்செறிந்தது. ஸ்டேஷன் மாமா மெய்சிலிர்த்துச் சாவியை இரு கைகளாலும் நீட்டினார். "வேளை வந்துடுச்சுன்னா யார் தடுக்க முடியும்" என்று மற்றவர்கள் வழிவிட்டார்கள். காரியம் ஜெயம். வாசகக்காரர் வெற்றிப் புன்னகையுடன் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்க்கவில்லை. அளவுநாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றத் தொடங்கியிருந்தார். நுனியிலிருந்து நுனிவரை, நிதானமாக, கடை சாத்துகிறவர் சுற்றுவதுபோல.

மெக்கானிக் மாடியேறினார், மெயினை நிறுத்தினார், இறங்கிவந்தார், கதவின் கீழ்ப்பள்ளத்தில் கொக்கிக் கம்பியை விட்டுக் கிளறினார். ஒரு பொருள் துள்ளி வெளியே விழுந்தது. பேரீச்சங்கொட்டை. யாரோ தின்று துப்பியது. அதுதான் கதவை மூடவிடாமல் இத்தனை காலம் தடுத்திருக்கிறது. மூடாத கதவோடு லிஃப்ட் நகராது. நகராத லிஃப்டுக்குத் தவம் என்று பெயர்.

நாணித் தலைகுனிந்து கலைவார்கள் என்று நினைத்தீர்களா? அடியாரை நீங்கள் அறிந்தது அவ்வளவுதான். கொட்டை தரையில் உருண்டு நிற்பதற்குள் பேச்சு பிறந்துவிட்டது. சிறிது பெரிதைத் தடுக்கும் என்பதற்கு அது சான்று என்றார் ஒருவர். விதைக்குள் வளர்ச்சி, வளர்ச்சிக்குள் தடை என்றார் இன்னொருவர். பல்லில்லாதவர் துப்பியிருக்க மாட்டார், எனவே துப்பியவர் இளையவர், எனவே எதிர்காலம் என்று மூன்றாமவர் தொடங்கினார். ஸ்டேஷன் மாமா கைக்குட்டையை விரித்துக் கொட்டையை ஏந்தி, "நீங்கதான் சொல்லணும்" என்று வாசகக்காரரிடம் நீட்டினார்.

டீச்சர் மட்டும் மெக்கானிக்கின் பக்கம் திரும்பி, "நீங்க என்ன நினைக்கிறீங்க, இதைப் பத்தி?" என்று கேட்டார்.

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "கொட்டைங்க" என்றார்.

டீச்சர் சிரிக்கத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பல மாதம் அடக்கி வைத்த சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தார்.

அவர் சிரித்து ஓய்வதற்குள் மெக்கானிக் மறுபடி மாடியேறி மெயினைப் போட்டுவிட்டார். நெற்றி எண் ஒளிர்ந்தது. தையல்காரம்மா கூட்டத்தைக் கடந்து உள்ளே போய்க் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றார். "வரீங்களா?" என்று கேட்டார். சண்டை போட்ட குரல் இல்லை. கடைக்குப் போகும்போது கேட்கிற குரல்.

வாசகக்காரர் ஓரடி எடுத்து வைத்தார். கையில் கைக்குட்டை, கைக்குட்டையில் கொட்டை, சுற்றிலும் விடை கேட்கும் முகங்கள், மனத்தில் அப்போதுதான் உதித்த, அதுவரை எழுதியதெல்லாவற்றையும் விஞ்சிய ஒரு வரி. "இதோ, ஒரு நிமிஷம்மா, இதை மட்டும் சொல்லிட்டு" என்று அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பியபோது, யாரும் எந்தப் பொத்தானையும் குத்தாமலே, கதவு தன் நேரத்தில் மூடிக்கொண்டது. எண்கள் ஒவ்வொன்றாக மேலேறின. அடியார்கள் முறைப்படி அண்ணாந்து பார்த்தார்கள்.

அதன்பின் நடந்தவற்றைத் தெரு அறியும். டீச்சர் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்கு வெளியே போய்விட்டார். வீட்டில் எதற்கும் உரை எழுதுவதில்லை என்று கேள்வி. ஸ்டேஷன் மாமாவை மகள் வந்து தன்னோடு அழைத்துப் போனாள். கைக்குட்டையும் கூடவே போனது. நிற்றல் நின்றுபோனது. லிஃப்ட் ஓடியது. ஆனாலும் தையல்காரம்மா அடுத்த மாதமே பின்தெருவில் கீழ்த்தளத்து வீடொன்றைப் பார்த்து, எந்திரத்தையும் கத்தரியையும் அங்கே கொண்டுபோய்விட்டார். வாசலிலேயே நிறுத்தி, காதோடு காதாகக் கேட்டு, இடுப்பளவு எடுக்கிறார். வாடிக்கையாளர் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். வாசகக்காரர் ஆறாம் மாடியில் தனியாகச் சில வாரம் இருந்து பார்த்தார். ஏற யாரும் வரவில்லை, இறங்கினால் வழிவிடவும் யாரும் இல்லை. ஒருநாள் இரண்டு பெட்டிகளோடு பின்தெருவுக்குப் போய் வாசலில் நின்று, தம் வரலாற்றிலேயே முதன்முறையாக, எந்த அணியும் இல்லாமல், "தனியா இருக்க முடியல" என்று சொன்னாராம். அம்மையார் உள்ளே விட்டார்.

அந்த வீட்டில் தண்ணீர் மட்டும் கொஞ்சம் உப்பு.